இசையமைப்புப் படிக்கக் கல்லூரி தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிளஸ் டூ முடிவு வந்ததும் சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கும் என் இசை வகுப்புக்குப் பெற்றோர் வரத் தொடங்கிவிடுவார்கள். ஒரு கையில் வழவழப்பான கல்லூரிக் கையேடு, பக்கத்தில் கீபோர்டு நன்றாக வாசிக்கும் பிள்ளை. "சார், இதில் சேர்த்துவிடலாமா?" என்பார்கள். எங்கள் தலைமுறை கேட்கத் தவறிய அதே கேள்விகளை இவர்களும் கேட்டிருக்க மாட்டார்கள்.

விண்ணப்பத் தேதியைத் தவறவிடுவது, விடுதிக் கட்டணத்தை விசாரிக்காமல் போவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. பொறியியல் கலந்தாய்வைக் கரைத்துக் குடித்த சேலத்துப் பெற்றோருக்கு அதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒலிப்பதிவுப் படிப்பை இசையமைப்பு என்று நினைப்பது

மியூசிக் புரொடக்‌ஷன் என்பது பதிவு செய்வது, ஒலிகளைக் கலப்பது, மென்பொருளில் பாட்டைக் கட்டி முடிப்பது. நல்ல தொழில்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. இசையமைப்பு வேறு. ஹார்மனி (ஸ்வரங்களை ஒரே நேரத்தில் சேர்த்து ஒலிக்கவைப்பது), கவுண்டர்பாயிண்ட் (பல மெட்டுகளை ஒன்றாக ஓடவிடுவது), ஆர்கெஸ்ட்ரேஷன் (எந்த வாத்தியத்துக்கு எதை எழுதுவது) ஆகிய மூன்றும் பாடத்திட்டத்தில் எத்தனை பருவங்களுக்கு வருகின்றன என்று பாருங்கள். மூன்றையும் சேர்த்து "இசைக் கோட்பாடு" என்று ஒரே தாளில் முடித்திருந்தால், அது ஒலிப்பதிவுப் படிப்பு.

எழுதியதை யார் வாசிப்பார்கள் என்று கேட்காதது

இதைப் பேச ஆரம்பித்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு பையன் என்னிடம் படித்தான். அப்பாவுக்கு விசைத்தறி. பையனுக்கு அபாரமான காது. ஒரு முறை கேட்டதை அப்படியே வாசிப்பான். வெளியூர்க் கல்லூரி ஒன்றில் சேர்ந்தான். அதன் கையேடு முழுக்க மிக்ஸிங் மேசையும் ஸ்பீக்கரும் வரிசையாகக் கணினிகளும்தான். மனிதர் கையில் வாத்தியம் இருக்கும் படம் ஒன்றுகூட இல்லை. அதை அன்றைக்கு யாரும் கவனிக்கவில்லை.

இரண்டாம் ஆண்டு விடுமுறையில், புல்லாங்குழல், வயலின், செல்லோ மூன்றுக்குமாக எழுதிய ஒரு படைப்பைக் கொண்டுவந்தான். மடிக்கணினியில் போட்டுக் காட்டினான். பிரமாதமாக இருந்தது. எனக்குத் தெரிந்த மூன்று வாத்தியக்காரர்களை வரவழைத்து, காகிதத்தை அவர்கள் முன் வைத்தோம். புல்லாங்குழல்காரர் பென்சிலை எடுத்துக் கோடு கோடாக எண்ணிவிட்டு, "தம்பி, நான் மூச்சு எங்கே விடுவது?" என்று கேட்டார். பன்னிரண்டு பார்களுக்கு (இசைக்குறிப்பில் கோடு போட்டுப் பிரிக்கும் தாளப் பகுதிகள்) இடைவெளியே இல்லை. வயலின்காரர் மூன்றாவது வரியில் நின்றுவிட்டார். அவருடைய வயலினில் ஆகக் கீழே ஒலிக்கும் தந்தி ஜி என்ற ஸ்வரம். பையன் அதற்கும் கீழே இருக்கும் எஃப் ஸ்வரத்தை எழுதியிருந்தான். (கர்நாடக முறையில் தந்தியைத் தளர்த்திச் சுருதி சேர்ப்பவர் வேண்டுமானால் அங்கே இறங்கலாம்; அவன் எழுதியது மேற்கத்திய வயலினுக்கு.) பிறகு ஒருவாறு திருத்தி வாசித்தார்கள். அப்போது புல்லாங்குழலின் கீழ் ஸ்தாயி மற்ற இரண்டுக்கும் அடியில் அமுங்கிப்போனது. கணினியில் குழலின் ஒலியை மட்டும் இழுத்து ஏற்றிவைத்திருந்தான். அறையில் அதற்கு வழியில்லை.

அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். இரண்டு ஆண்டுகளில் அவன் எழுதிய ஒரு வரியைக்கூட அந்தக் கல்லூரியில் ஒரு மனிதர் வாசித்ததில்லை. வாசிக்கப் படிப்பவர்களே அங்கு இல்லை. வயலின் துறை இல்லை, குழல் துறை இல்லை. தறியை விற்றுக் கட்டிய பணத்துக்குக் கிடைத்தது ஹெட்போனும் நாற்காலியும்.

"இப்போது எல்லாம் கணினியில்தானே சார்?" என்று உடனே கேட்பார்கள். கணினியில் வேலை செய்யலாம். ஆனால் காது அங்கே பழகாது. இசையமைப்பாளர் ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்த நாட்களில் இளையராஜா, தான் எழுதியது எப்படி ஒலிக்கிறது என்று தெரிந்துகொள்ள, ஒலிப்பதிவின் இடைவேளைகளில் வாத்தியக்காரர்களைக் கேட்டுக்கொண்டு வாசிக்கவைத்தார். தேநீர் குடிக்கும் நேரத்தில் அவர் கெஞ்சி வாங்கியதை, கட்டணம் வாங்கும் கல்லூரி கால அட்டவணையில் போட்டுத் தர வேண்டாமா? நம் ஊரில் அந்த வாய்ப்பு இல்லை. டி.ஆர்.சுந்தரத்தின் சினிமா ஸ்டூடியோவான மாடர்ன் தியேட்டர்ஸில் இன்று ஏற்காடு சாலையில் நிற்கும் நுழைவு வளைவுதான் மிச்சம். வாத்தியக் குழுவைத் தேடிச் சென்னைக்கோ பெங்களூருக்கோ பஸ் ஏறித்தான் ஆக வேண்டும். ஏறுவதுதான் ஏறுகிறோம், அது இருக்கிற இடமாகப் பார்த்து இறங்கலாமே. சென்னையில் 2008-இல் ஏ.ஆர்.ரஹ்மான் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரி போன்ற இடங்களில், பியானோவும் வாய்ப்பாட்டும் தந்தி வாத்தியமும் கற்பவர்கள் அதே வளாகத்தில் இருக்கிறார்கள். நீங்கள் பார்க்கும் கல்லூரியில் அப்படி யார் இருக்கிறார்கள்? மாணவர் படைப்புகளை மேடையேற்றும் கச்சேரி ஆண்டுக்கு எத்தனை முறை நடக்கிறது? ஒத்திகை உண்டா? சென்ற ஆண்டு மாணவர் ஒருவரின் இசைக்குறிப்பையும் அதை மனிதர்கள் வாசித்த பதிவையும் காட்டச் சொல்லுங்கள். ஸ்டூடியோவைச் சுற்றிக்காட்டுகிறோம் என்று பேச்சை மாற்றினால் எழுந்து வந்துவிடுங்கள். பார்வையாளர்களுக்கென்று கல்லூரியைத் திறந்து காட்டும் நாளில் போகாதீர்கள். ஒரு சாதாரணப் புதன்கிழமை போய், நடைவழியில் யாராவது சாதகம் செய்யும் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள்.

எட்டாம் கிரேடு போதும் என்று இருப்பது

டிரினிட்டி, ஏபிஆர்எஸ்எம் என்ற பிரிட்டிஷ் இசைத் தேர்வு அமைப்புகள் தரும் கிரேடுகள் வாசிக்கும் விரலுக்குச் சான்று. இசையமைப்புத் துறைகள் பெரும்பாலும் கேட்பது நீங்களே எழுதிய இரண்டு மூன்று படைப்புகளை, ஒன்றுக்கொன்று மாறுபட்டதாக, இசைக்குறிப்போடும் பதிவோடும். ஏற்காட்டு விடுதிப் பள்ளிகளில் பியானோவும் தேவாலயப் பாடற்குழுவுமாக வளர்ந்த பிள்ளைகள் ஸ்டாஃப் நொட்டேஷனை (ஐந்து கோடுகளில் எழுதும் மேற்கத்திய இசைக்குறிப்பு) செய்தித்தாள் மாதிரி படிப்பார்கள். கீழே நகரத்தில் காதால் பழகிய பிள்ளைகள் எழுத்துக் கூட்டுவார்கள். பத்தாம் வகுப்பிலேயே தொடங்கினால் இந்த இடைவெளி அடைபட்டுவிடும். பிளஸ் டூ முடித்த பிறகு தொடங்கினால் சிரமம்.

நாதஸ்வரத்தை மறைப்பது

சேலம் மாவட்ட அரசு இசைப்பள்ளியில் மூன்றாண்டு நாதஸ்வரம் படித்த ஒரு மாணவர், மேற்கத்தியக் கல்லூரிக்கான விண்ணப்பத்தில் அதை எழுதவே இல்லை. "நம்மைக் குறைவாக நினைப்பார்கள்" என்றார். மூச்சு எங்கே விடுவது என்று யாரும் சொல்லித்தர வேண்டாத ஒரே விண்ணப்பதாரர் அவர்தான்! நாதஸ்வரமும் செல்லோவும் சேர்ந்து வாசிக்கும் ஐந்து நிமிடப் படைப்பை எழுதி அனுப்பச் சொன்னேன். அனுப்பினார், இடமும் கிடைத்தது.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. சென்னை, மதுரை, கோவை, திருவையாறு அரசு இசைக் கல்லூரிகள் பாட்டையும் வாத்தியத்தையும் ஆழமாகக் கற்பிக்கும் இடங்கள். அங்கே போய் ஆர்கெஸ்ட்ரேஷன் வகுப்பைத் தேடக் கூடாது.

பெரிய பெயர்

கையேட்டில் பிரபல இசைக் கலைஞரின் பெயர் இருந்தால், வாரத்தில் எத்தனை மணி நேரம் அவரே வகுப்பெடுக்கிறார் என்று கேளுங்கள்.

மென்பொருள்

எந்த மென்பொருள் கற்றுத்தருகிறார்கள் என்று பார்த்துக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். இசைக்குறிப்பு எழுதும் மென்பொருள்களில் பல பத்தாண்டுகள் கோலோச்சிய ஃபினாலேயின் மேம்பாட்டை அதன் நிறுவனமே 2024-இல் நிறுத்திவிட்டது. அதே வேலையைச் செய்யும் மியூஸ்ஸ்கோர் இலவசம்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் முத்திரை

பட்டமா, டிப்ளமாவா, வெறும் சான்றிதழா? வழங்குவது யார்? எழுத்தில் வாங்குங்கள். பட்டம் என்றால் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) பட்டியலைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

வளாக வேலைவாய்ப்பு எத்தனை சதவீதம் என்று கேட்பது

இந்தத் துறையில் அப்படி ஒன்று இல்லை. படித்து வெளியேறிய இருவரின் கைபேசி எண்ணை வாங்கி, நீங்களே பேசுங்கள்.