கணக்கு வராதவர்களுக்குக் கஞ்சிக்கோட்டில் ஷிப்ட் வேலை

கோவை உக்கடத்தில் பாலக்காடு பஸ் ஏறினால், வாளையார் தாண்டியதும் கஞ்சிக்கோடு. இரும்பு ஆலைகளும் மற்ற தொழிற்சாலைகளும் நிறைந்த இடம். காலை 6 முதல் 2, 2 முதல் இரவு 10, 10 முதல் மறுநாள் காலை 6 என்று மூன்று ஷிப்ட் பல இடங்களில் ஓடுகிறது.

எனக்குக் கணக்கு வராது. வந்த புதிதில் ஒரு கடையில் பில் போட உட்கார்ந்தேன். முதல் மாதமே கல்லாவில் குறைந்த பணத்தைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். அதனால் சொல்கிறேன்: வேலை கேட்கும்போது சம்பளத்தோடு இன்னொன்றும் கேளுங்கள். ஷிப்ட் முடியும்போது யாரிடம் எதைக் கணக்கு ஒப்படைக்க வேண்டும்? பெட்ரோல் பங்க், ஸ்டோர், கேஷ் கவுண்டர் மூன்றிலும் அந்த ஒப்படைப்புதான் தலைவலி. மீட்டர் எண்ணும் கையில் இருக்கும் பணமும் ஒத்துப்போகாவிட்டால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

ஆஸ்பத்திரி அட்டெண்டர், லாட்ஜ் ஹவுஸ்கீப்பிங், சலவை, ஓட்டல் சமையல்கட்டு, பேக்கிங் எல்லாம் நமக்குத் தோதானவை. பேக்கிங்கில் எண்ண வேண்டியிருக்கும், ஆனால் ஒரு அட்டைப்பெட்டியில் இத்தனை என்று கண்ணுக்குப் பழகிவிடும். செக்யூரிட்டி வேலையில் வண்டி நம்பரும் நேரமும் எழுதுவதோடு சரி, கூட்டல் கழித்தல் இல்லை. மெஷின் ஆபரேட்டர் என்றால் மைக்ரோமீட்டர் பிடித்து அளவு பார்க்கச் சொல்வார்களா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

லோடு ஏற்றி இறக்கலாம் என்று நினைத்து வருகிறவர்கள் கவனிக்க வேண்டும். கேரளத்தில் சுமட்டுத் தொழிலாளிகளுக்கென்று 1978 முதல் தனிச் சட்டம் இருக்கிறது. பதிவு செய்தவர்களுக்குத்தான் அந்த வேலை. இங்கே புதிதாக வந்தவர் லாரியில் கை வைத்தால் தகராறுதான் வரும்.

அப்புறம், மொழி. பாலக்காட்டில் தமிழ் பலருக்குப் புரியும், ஆனால் சூப்பர்வைசர் "அவதி" என்றால் விடுமுறை, நம் அவதி இல்லை. "பனியுண்டோ" என்றால் காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்கிறார். "இன்னலெ" நேற்று, "மற்றன்னாள்" நாளை மறுநாள். ஷிப்ட் மாறும் நாளை இந்தச் சொற்களில்தான் சொல்வார்கள். இரண்டு தரம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இரவு ஷிப்டில் சேருபவர் அறை பார்க்கும்போது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வீட்டை எடுக்காதீர்கள். மார்ச், ஏப்ரலில் பாலக்காட்டு வெயிலுக்குக் கேரளத்திலேயே பேர் உண்டு. பகலில் கண்மூட முடியாது. வாடகை கொஞ்சம் கூடினாலும் ஓட்டு வீடோ, மரநிழல் விழும் அறையோ பாருங்கள். நான் ஒரு கோடை முழுக்கத் தூங்காமல் வேலைக்குப் போய்க் கை நசுங்கப் பார்த்தது.

வேலையில் கணக்கைத் தவிர்க்கலாம், சம்பளச் சீட்டில் முடியாது. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு இஎஸ்ஐ என்ற தொழிலாளர் அரசுக் காப்பீடு உண்டு. உங்கள் பங்கு 0.75 சதவீதம், அதாவது 15,000 சம்பளத்துக்கு 113 ரூபாய். அந்தப் பிடித்தத்தில் குடும்பத்துக்கும் சேர்த்து மருத்துவம் கிடைக்கும். பிடித்தார்கள், ஆனால் உங்களுக்குக் காப்பீட்டு எண் தரவில்லை என்றால் அதே வாரம் கேளுங்கள். தொழிற்சாலையில் ஓவர்டைமுக்கு இரட்டிப்புக் கூலி. எத்தனை மணி நேரம் நின்றீர்கள் என்பதைத் தினமும் அறைக் காலண்டரில் கோடு போட்டு வையுங்கள். சம்பள நாளில் கோடுகளை எண்ணித் தர அறைத் தோழர் ஒருவர் போதும், எனக்கு இன்றும் அப்படித்தான் நடக்கிறது.