உயில்ல தர்மத்துக்கு ஒரு பங்கு எழுதி வைக்கிறது எப்பிடி? (இலங்கையில திருகோணமலை ஆக்களுக்கு)

"எனக்குப் பிறகு கோயிலுக்கு ஏதாவது குடுங்கோ, நான் படிச்ச பள்ளிக்கூடத்துக்கு ஏதாவது செய்யுங்கோ" எண்டு பிள்ளையளிட்ட வாயால சொல்லி வைக்கிற ஆக்கள் எங்கட ஊரில கனபேர். பிள்ளையள் நல்ல பிள்ளையளா இருந்தா நடக்கும், ஆனா சட்டத்துக்கு அது காணாது, எழுத்தில இருக்கோணும்.

முதல் வேலை, எது உண்மையிலயே உங்கட சொத்து எண்டு பாக்கிறது. இதிலதான் ஆக்கள் சறுக்கிறவை. கந்தளாய், மூதூர் பக்கம் அரசாங்கம் குடுத்த பெர்மிட் காணி வைச்சிருக்கிறீங்களெண்டா, அதை உயில்ல ஆருக்கும் எழுதேலாது, 1935ம் ஆண்டு காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில அப்பிடி எழுதினா செல்லாதெண்டே இருக்கு. அதே சட்டத்தில அளிப்புப் பத்திரம் (பெர்மிட்டுக்குப் பிறகு அரசாங்கம் குடுக்கிற உறுதி) கிடைச்ச காணிக்கும் இதே கதைதான். அதுக்கு பிரதேச செயலகத்தில பின்னுரித்தாளரை (உங்களுக்குப் பிறகு அந்தக் காணி போற ஆளை) பதியிறது வேற அலுவல். பாங்க் கணக்கில நொமினி (உங்களுக்குப் பிறகு காசு போகோணுமெண்டு நீங்க பேர் குடுத்த ஆள்) போட்டிருந்தா உயில்ல என்ன எழுதினாலும் காசு நொமினிக்குத்தான் போகும், அதால பாஸ் புத்தகங்களை எடுத்து வைச்சு ஒவ்வொண்டா பாருங்கோ, இ.பி.எஃப்புக்கும் (ஊழியர் சேமலாப நிதிக்கும்) ஆரைப் போட்டிருக்கிறீங்களெண்டு பாருங்கோ. யாழ்ப்பாணத்தில இருந்து வந்த குடும்பமெண்டா தேசவழமை (யாழ்ப்பாணத் தமிழரின்ர பழைய சொத்துச் சட்டம்) உங்களுக்குப் பொருந்துமோ எண்டு லோயரிட்டக் கேளுங்கோ, பொருந்தினா தேடியதேட்டத்தில (கலியாணத்துக்குப் பிறகு உழைச்சுச் சேர்த்த சொத்தில) பாதி மனுசிக்கு (இல்லாட்டி மனுசனுக்கு) உரியது, நீங்க தர்மம் பண்ணலாமெண்டா உங்கட பாதியில மட்டும்தான்.

அடுத்தது, எவ்வளவு குடுக்கிறது? என்ர அபிப்பிராயம், "அஞ்சு லட்சம்" எண்டு தொகை போடாதீங்கோ, வீதமாப் போடுங்கோ. 2022ல ரூபா விழுந்த விழுகையை நாங்க எல்லாரும் பாத்தனாங்கள்தானே, அதுக்கு முதல் எழுதின அஞ்சு லட்சம் இண்டைக்கு என்னத்துக்குக் காணும்? கடன், செத்தவீட்டுச் செலவு எல்லாம் போக மிஞ்சிறதில பத்து வீதம் எண்டு எழுதினா பிள்ளையளுக்கும் பிரச்சினை இல்லை.

பிறகு பேர். "கோணேஸ்வரா பள்ளிக்கூடத்துக்கு" எண்டு மொட்டையா எழுதக்கூடாது, கோணேஸ்வரர் பேரில எங்கட ஊரில எத்தனை இருக்கு! நிறுவனத்தின்ர பதிவுப் பேர், பதிவு இலக்கம், விலாசம் மூண்டையும் அங்கயே போய் எழுதி வாங்குங்கோ. பதிவில்லாத சங்கமெண்டா நான் எழுத மாட்டன். வசனம் இப்பிடி வரலாம்:

"என் கடன்களும் செலவுகளும் போக எஞ்சும் சொத்தில் பத்து வீதத்தை, (பதிவுப் பெயர், இலக்கம், விலாசம்) நிறுவனத்துக்கு அதன் பொதுத் தேவைகளுக்காக வழங்குகிறேன். நான் இறக்கும்போது அந்த நிறுவனம் இயங்காவிட்டால், அதே நோக்கமுள்ள வேறொரு நிறுவனத்தை என் நிறைவேற்றுநர் தெரிவு செய்து வழங்கலாம்."

நிறைவேற்றுநர் எண்டா உயில்ல எழுதினபடி சொத்தைப் பிரிச்சுக் குடுக்கிறவர். அந்த இரண்டாவது வசனத்தை விடவே விடாதீங்கோ, நிறுவனங்கள் மூடுப்படுறதும் பேர் மாத்துறதும் எங்கட ஊரில புதுசில்லை.

இனி கையெழுத்து. நொத்தாரிஸ் (உறுதி, உயில் எழுதி அத்தாட்சிப்படுத்துறவர்) ஒராளும் சாட்சி ரெண்டு பேரும் முன்னால இருக்க வைக்கலாம், நொத்தாரிஸ் இல்லாட்டி அஞ்சு சாட்சி வேணும், எல்லாரும் ஒரே நேரத்தில அங்க இருக்கோணும், ஒராள் காலமை வந்து மற்றாள் பின்னேரம் வந்து வைக்கிற கதை சரிவராது. நொத்தாரிஸிட்டயே போங்கோ எண்டுதான் நான் சொல்லுவன், சிலவு கொஞ்சம் கூட, ஆனா பிறகு கோர்ட்டில அஞ்சு பேரைத் தேடி அலையத் தேவையில்லை. உயில்ல பங்கு கிடைக்கிற ஆக்களையும், அந்த நிறுவனத்தின்ர தலைவர் செயலாளரையும் சாட்சியாப் போடாதீங்கோ.

நிறைவேற்றுநரா வயசில உங்களை விட இளமையான, கணக்கு வழக்கு தெரிஞ்ச ஒராளைப் போடுங்கோ, மாவட்ட நீதிமன்றத்துக்கு ஏறி இறங்கப் போறது அவர்தான். மூலப்பிரதி எந்த அலுமாரியில இருக்கெண்டு அவருக்குச் சொல்லி வையுங்கோ, பிள்ளையளுக்கும் இப்பவே சொல்லிடுங்கோ, அவை கோவிச்சாலும் நீங்க இருக்கேக்க கோவிச்சா சமாளிக்கலாம்.