ஒரு கவுண்டிக்கு யார் வந்தார்கள், யார் போனார்கள், எவ்வளவு வருமானத்தோடு: எக்செலில் பார்ப்பது எப்படி?

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் மெக்டவல் என்று ஒரு கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி). நிலக்கரி கொடிகட்டிப் பறந்த 1950-இல் அங்கே 98,887 பேர் இருந்தார்கள், 2020 கணக்கெடுப்பில் 19,111 பேர். இப்போது ஆண்டுக்கு எத்தனை குடும்பம் போகிறது, எத்தனை வருகிறது என்பதை நீங்களே எடுத்துப் பார்க்கலாம்.

முதலில் தரவு. அமெரிக்க வருமான வரித்துறை (ஐஆர்எஸ்) ஒருவர் அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகள் தாக்கல் செய்த படிவங்களின் முகவரியை ஒப்பிட்டு, கவுண்டி மாறியிருந்தால் இடம்பெயர்ந்தவர் என்று எடுத்துக்கொள்கிறது. அவர்கள் தளத்தில் இது இலவசம். 2021-22-க்கான உள்வரவு, வெளியேற்றம் ஆகிய இரண்டு சிஎஸ்வி (எக்செலில் திறக்கும் அட்டவணை) கோப்புகளையும் இறக்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஃபில்டர். மெக்டவலின் குறியீடு 54047: 54 மாநிலம், 047 கவுண்டி. எக்செல் முன்னால் இருக்கும் பூஜ்யத்தைத் தின்றுவிடும் என்பதால் மாநிலப் பத்தியில் 54, கவுண்டிப் பத்தியில் 47 என்றே தேடுங்கள். உள்வரவில் ஒய்2 (y2) என்று தொடங்கும் பத்திகளில், வெளியேற்றத்தில் ஒய்1 (y1) பத்திகளில்.

என்1 (n1) என்பது வரிப் படிவங்கள், அதைத்தான் குடும்பங்களாகக் கொள்கிறோம். என்2 (n2) ஆட்கள். ஏஜிஐ (agi) என்பது சில கழிவுகள் போக வரிப் படிவத்தில் காட்டிய வருமானம், ஆயிரம் டாலர் கணக்கில். 5,000 என்றிருந்தால் 50 லட்சம் டாலர்.

எல்லா வரிகளையும் கூட்டிவிடாதீர்கள்! இடம் மாறாதவர்களும் உள்கூட்டுத்தொகைகளும் அதே பட்டியலில்தான் இருக்கின்றன. மாநிலக் குறியீடு 96 உள்ள வரிதான் மொத்தம். 20 படிவத்துக்குக் குறைவாக ஆட்கள் வந்த அல்லது போன கவுண்டிகளின் பெயர் தனியாக வராது, 58, 59 என்ற 'மற்றவை' வரிகளில் சேர்ந்துவிடும். சின்னக் கவுண்டிகளில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கும், அதைத் தூக்கி எறியாதீர்கள்.

சரி, இப்போது கழித்தல். புரிவதற்காக நானாகப் போட்ட எண்கள்: வந்தவை 300 படிவம், ஏஜிஐ 10,500; போனவை 350 படிவம், ஏஜிஐ 15,750. நிகர இழப்பு 50 குடும்பம், 52.5 லட்சம் டாலர். இங்கேதான் பலர் 52.5 லட்சத்தை 50-ஆல் வகுத்து, 'குடும்பத்துக்கு 1,05,000 டாலர் சம்பாதிக்கும் பணக்காரர்கள் ஓடுகிறார்கள்' என்று எழுதிவிடுகிறார்கள். அப்படி ஒரு குடும்பமும் இந்தக் கணக்கில் இருக்கவேண்டிய அவசியமே இல்லை. போனவர்களின் சராசரி 45,000, வந்தவர்களின் சராசரி 35,000, அவ்வளவுதான். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாக வகுத்து, பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

அப்புறம், இந்த வருமானம் இரண்டாம் ஆண்டுப் படிவத்தில் உள்ளது. புது ஊரில் கிடைத்த சம்பளமும் அதில் கலந்திருக்கலாம் என்பதால், அத்தனையும் மெக்டவலிலிருந்து போன பணம் என்று சொல்ல முடியாது. வரிப் படிவமே தாக்கல் செய்யாத ஏழைகளும் முதியவர்களும் இதில் இல்லவே இல்லை. சுரங்கம் மூடிய ஊரில் அவர்களை விட்டுவிட்டுப் பேசுவது எனக்கு மனதை உறுத்தும், ஆகவே இந்த எண்களை வைத்து நீங்கள் எழுதும் கட்டுரையில் அதை ஒரு வரியாவது எழுதுங்கள்.

பல ஆண்டுகளைச் சேர்த்து வரைபடம் போடுவதாக இருந்தால் 2011-12-இலிருந்து தொடங்குங்கள். அதற்கு முந்தைய கோப்புகள் வேறு முறையில் தயாரானவை.