இசைத்தட்டைக் கணினியில் ஏற்ற: நடுவில் ப்ரீஆம்ப் வேண்டும்

டர்ன்டேபிளின் சிவப்பு, வெள்ளை கேபிளை நேராகக் கணினியில் செருகினாலும் பாட்டு வரும். ஆனால் மிருதங்கத்தின் தொப்பி (இடப்பக்கத்துக் கனத்த ஒலி) காணாமல் போய், வயலின் கீச்சென்று, எங்கோ பக்கத்துத் தெருவில் பாடுவதுபோல் வரும். தட்டிலும் கோளாறில்லை, கணினியிலும் கோளாறில்லை. முள்ளின் அதிர்வை மின்சிக்னலாக்கும் கார்ட்ரிட்ஜ், பரவலான மூவிங் மேக்னட் வகையில், தருவது 5 மில்லிவோல்ட் அளவுதான். கணினியின் ஒலி உள்ளீட்டுத் துளையான லைன்-இன்னுக்கு வேண்டியது 300 மில்லிவோல்ட் அளவு. அதோடு, பள்ளம் அகன்று பக்கத்துப் பள்ளத்தில் இடிக்காமலிருக்க, தட்டு வெட்டும்போதே பாஸை (கனத்த ஒலி) குறைத்து, தட்டின் இரைச்சல் அமுங்க டிரெபிளையும் (கீச்சொலி) கூட்டிவிடுகிறார்கள்: 20 ஹெர்ட்ஸில் சுமார் 20 டெசிபல் குறைவு, 20 கிலோஹெர்ட்ஸில் அதே அளவு கூடுதல். இதை நேர்செய்து, சிக்னலையும் பெருக்கித் தருவதுதான் ஃபோனோ ப்ரீஆம்ப். மென்பொருளில் வால்யூமை ஏற்றி இதைச் சமாளிக்கப் பார்க்காதீர்கள்; இரைச்சலும் கூடவே ஏறும்.

வாங்கும் முன் பிளேயரின் பின்பக்கம் பாருங்கள். ‘ஃபோனோ / லைன்’ என்று ஸ்விட்ச் இருந்தால் ப்ரீஆம்ப் உள்ளேயே இருக்கிறது, லைனில் வையுங்கள். அப்படி வைத்துவிட்டு வெளி ப்ரீஆம்ப்பையும் சேர்த்தால் பாஸ் குமுறி, ஒலி உடையும். யூஎஸ்பி துளை இருக்கிற பிளேயருக்கு ஒரு யூஎஸ்பி கேபிளே போதும்.

டெஸ்க்டாப்பில் நீலத் துளையில் செருகுங்கள். ரோஸ் நிறத் துளை மைக்குக்கு. லேப்டாப்பின் ஒற்றைத் துளை பெரும்பாலும் மோனோ மைக்தான், ஸ்டீரியோ வராது. இரண்டு லைன் இன்புட் உள்ள யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் (ஒலியைக் கணினிக்குள் அனுப்பும் வெளிப்பெட்டி) வாங்குங்கள். விரல் அளவு யூஎஸ்பி சவுண்ட் கார்டுகள் பலவற்றிலும் இதே மோனோ மைக் சிக்கல் உண்டு.

கேபிளோடு கவைபோல் முனை பிளந்த மெல்லிய வயர் ஒன்று தொங்கும். அது கிரவுண்ட் வயர்; ப்ரீஆம்ப்பின் ஜிஎன்டி (GND) திருகில் முறுக்குங்கள். விட்டால் 50 ஹெர்ட்ஸ் ‘உம்ம்ம்’ பாட்டு முழுக்க ஓடும். முறுக்கிய பிறகும் கேட்டால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். உடனே நின்றால் அது கிரவுண்ட் லூப், அதாவது கிரவுண்ட் இரண்டு வழியில் இணைந்து வளையமாவதால் வரும் இரைச்சல். பேட்டரியிலேயே பதிவு செய்யுங்கள்.

ஆடாசிட்டி என்ற இலவசப் பதிவு மென்பொருளில் ஸ்டீரியோ, 44,100 ஹெர்ட்ஸ், 24 பிட் என வையுங்கள். விண்டோஸில் மைக் பூஸ்ட், ஆடியோ என்ஹான்ஸ்மென்ட் இரண்டையும் அணையுங்கள். தட்டில் பாட்டு உச்சத்துக்குப் போகும் இடத்தை ஓட்டி, மீட்டர் -6 டெசிபலைத் தாண்டாதபடி அளவை வையுங்கள். 0-வைத் தொட்டு நறுங்கிய ஒலியை முழுசாக மீட்க முடியாது. முள் வைக்கும் முன்பே பதிவைத் தொடங்குங்கள்; பாட்டு வருமுன் ஓடும் வெற்றுப் பள்ளத்தின் இரைச்சல் பிறகு நாய்ஸ் ரிடக்‌ஷனுக்கு மாதிரியாக உதவும். 20 நிமிடப் பக்கம் வேவ் கோப்பாக 320 எம்பி அளவு வரும். ஃபிளாக் ஆக்கினால் தரம் குறையாமல் சுருங்கும்.

78 ஆர்பிஎம் அரக்குத் தட்டுக்கு எல்பி முள் ஆகாது. அது பள்ளத்தின் அடியில் இறங்கிக் கரகரக்கும். 3 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) முள் தனியாக வேண்டும். துடைக்க ஆல்கஹால் கலந்த திரவம் கூடவே கூடாது, அரக்கு கரைந்துவிடும்.

பழைய பெட்டி பிளேயர்களில் இருப்பது பெரும்பாலும் செராமிக் கார்ட்ரிட்ஜ். அதற்கு ஃபோனோ ப்ரீஆம்ப் வேண்டாம், ஆனால் சாதாரண லைன்-இன்னில் பாஸ் வற்றிவிடும். இன்டர்ஃபேஸில் கிடார் செருகும் 1 மெகாஓம் இன்புட்டில் கொடுத்துப் பாருங்கள். அந்தப் பெட்டியின் ஸ்பீக்கர் வயரிலிருந்து மட்டும் இணைப்பு எடுக்காதீர்கள்: சில மாடல்களில் சேஸிஸிலேயே (உள் உலோகச் சட்டம்) மெயின் கரண்ட் ஓடும்.