கெர்னலில் பழசைத் தொடும்போது சறுக்கும் இடங்கள்

2011 ஜூலையில் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னல் 2.6.39-இலிருந்து 3.0-க்குத் தாவியது. இடைமுகம் எதுவும் தலைகீழாகிவிடவில்லை, எண்தான் மாறியது. அதற்கே சில நிரல்கள் படுத்துவிட்டன. பதிப்பு எண் எப்போதும் "2.6" என்றே தொடங்கும் என்று நம்பி எழுதப்பட்டவை அவை. தப்பு அந்த நிரல்களுடையதுதான். ஆனாலும் 3.1-இல் ஒரு ஏற்பாடு நுழைந்தது: கேட்டுக்கொள்ளும் நிரலுக்கு மட்டும் 3.0-ஐ 2.6.40 என்று கெர்னல் பொய் சொல்லும். ஓடிக்கொண்டிருந்த பழைய நிரல் நின்றுவிடக் கூடாது என்பதே நோக்கம்.

ஆவணத்தில் எழுதியிருப்பதுதான் கெர்னலுக்கும் நிரல்களுக்கும் இடையிலான ஒப்பந்தம் என்று நினைப்பது முதல் தவறு. யாரோ ஒருவருடைய நிரல் எதை நம்பி ஓடுகிறதோ அதுதான் ஒப்பந்தம். 2019-இல் 5.3 வெளியாகவிருந்த நேரத்தில் நடந்ததைப் பாருங்கள். எக்ஸ்ட்4 கோப்பு அமைப்பில் வட்டு வேலையைக் குறைக்கும் ஒரு நல்ல பேட்ச் (நிரல் திருத்தம்) வந்தது. வட்டு வேலை குறைந்ததால் இன்டரப்டுகள் (வன்பொருள் பிராசசரைக் கூப்பிடும் சைகைகள்) குறைந்தன. இன்டரப்டுகள் குறைந்ததால், பூட் ஆகும்போது ரேண்டம் எண்களுக்குத் தேவையான என்ட்ரபி (அந்தச் சைகைகளின் நேரங்களிலிருந்து திரட்டும் கணிக்க முடியாத தரவு) சேரவில்லை. ரேண்டம் எண் கேட்ட நிரல் அது கிடைக்கும்வரை காத்திருக்க, லாகின் திரை வராமல் இயந்திரம் அப்படியே நின்றது. எக்ஸ்ட்4 பேட்சில் ஒரு பிழையும் இல்லை. இருந்தும் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அதை ரிவர்ட் செய்துவிட்டுத்தான் (திரும்ப எடுத்துவிட்டுத்தான்) 5.3-ஐ வெளியிட்டார். என்ட்ரபிக்கு வேறு வழி செய்தது அடுத்த பதிப்பில்.

"பாதுகாப்புக்காக எடுத்தோம்" என்று சொன்னால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்பது இன்னொரு நம்பிக்கை. 2014-இல் 64-பிட் கெர்னலில் 16-பிட் செக்மென்டுகளை (பழைய 16-பிட் நிரல்களுக்குத் தேவையான நினைவகப் பகுதிகளை) தடை செய்தார்கள். காரணம் நியாயமானதே: கெர்னலிலிருந்து நிரலின் 16-பிட் ஸ்டேக்குக்கு (தற்காலிகத் தரவு அடுக்குக்கு) திரும்பும்போது பிராசசர், அந்த அடுக்கின் முகவரியான ஸ்டேக் பாயிண்டரின் கீழ்ப் பாதியை மட்டும் மீட்டுத் தருகிறது; மேல் பாதியில் கெர்னலின் முகவரித் துணுக்கு யூசர்ஸ்பேஸுக்கு, அதாவது சாதாரண நிரல்களின் பக்கம், கசிகிறது. தடை வந்ததும், விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டித் தரும் வைன் வழியாகப் பழைய 16-பிட் விண்டோஸ் நிரல்களை ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் குரல் கொடுத்தார்கள். இந்தக் காலத்தில் அதை யார் ஓட்டுகிறார்கள் என்று நாம் கேட்கலாம். ஓட்டினார்கள், அவ்வளவுதான். கடைசியில் 3.16-இல் கசிவையே அடைக்கும் வழி கண்டுபிடித்து, தடையை நீக்கினார்கள். முதலிலேயே அந்த வேலையைச் செய்திருந்தால் இரண்டு முறை திட்டு வாங்கியிருக்க வேண்டியதில்லை.

இனி நேர் எதிரான தவறு. என் கணக்கில் இதுதான் ஆபத்தானது. பழைய வாசலைத் திறந்தே வைத்துவிட்டு, அந்தப் பக்கம் எட்டியும் பார்க்காமல் இருப்பது. 64-பிட் கெர்னலில் 32-பிட் நிரல்கள் நுழைய ஒரு தனி வழி உண்டு. சிஸ்டம் கால் (நிரல் கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பு) எண் வரம்புக்குள் இருக்கிறதா என்று அங்கே ரெஜிஸ்டரின் (பிராசசருக்குள் உள்ள சிறு நினைவிடத்தின்) கீழ் 32 பிட்டை மட்டும் பார்த்தார்கள். அட்டவணையில் தேடும்போதோ 64 பிட்டையும் பயன்படுத்தினார்கள். மேல் பாதியில் குப்பையைத் திணித்தால் சோதனையைத் தாண்டி, கெர்னலை வேண்டிய இடத்துக்குத் தாவ வைக்கலாம். சாதாரணப் பயனர், எல்லா அதிகாரமும் உள்ள ரூட் ஆகிவிடுவார். 2007-இல் சரிசெய்தார்கள் (பாதுகாப்புக் குறைகளுக்குத் தரும் பொது எண்: சிவிஇ-2007-4573). 2008-இல் அதே பகுதியில் வந்த வேறொரு மாற்றம், மேல் பாதியைச் சுத்தம் செய்த அந்த வரியை அடித்துக்கொண்டு போய்விட்டது. அதே ஓட்டை 2010-இல் மறுபடி சிவிஇ-2010-3301 என்ற எண்ணோடு வந்தது. இரண்டு ஆண்டு யாரும் கவனிக்கவில்லை. சரிசெய்த பிழைக்கு ஒரு சோதனை நிரல் எழுதி, அதை 32-பிட்டாக கம்பைல் செய்து ஒவ்வொரு பதிப்பிலும் ஓட்டியிருந்தால் அன்றே பிடிபட்டிருக்கும்.

அதே 32-பிட் வாசலில் தினப்படி நடக்கும் சின்ன விபத்து ஒன்று: ஸ்ட்ரக்டில் (பல மதிப்புகளை அடுக்கிய தொகுப்பில்) முதலில் 4 பைட் எண், அடுத்து 8 பைட் எண். 64-பிட் எக்ஸ்86-இல் (இன்டெல் வகைப் பிராசசரில்) இடையில் 4 பைட் இட்டுநிரப்பப்பட்டு மொத்தம் 16. 32-பிட் எக்ஸ்86-இல் நிரப்பல் கிடையாது, மொத்தம் 12. நிரல் 12 பைட் அனுப்ப, கெர்னல் 16 என்று படிக்கிறது. இரண்டாவது எண் இடம் மாறிக் கிடக்கிறது. 32-பிட் ஆர்ம் வகைப் பிராசசரில் சோதித்தால் இது தெரியவே தெரியாது, அங்கே 8 பைட் எண் 8-இன் மடங்கில்தான் உட்காரும். இடைவெளியை நீங்களே ஒரு பெயர் கொடுத்து அறிவியுங்கள். அதில் பூஜ்யம் இருக்கிறதா என்றும் சோதியுங்கள்.

ஏன் பூஜ்யம்? கோப்பைத் திறக்கும் 'ஓப்பன்' என்ற சிஸ்டம் காலைக் கேளுங்கள், சொல்லும். தெரியாத ஃபிளாக் (எப்படித் திறக்க வேண்டும் என்று சொல்லும் குறி) வந்தால் அது பிழை சொல்லாது, கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். அதனால் பின்னாளில் புதிய ஃபிளாக் சேர்க்கும் ஒவ்வொரு முறையும் தலைவலி. பழைய கெர்னல் அதை விழுங்கிவிட்டுச் சரி என்று சொல்லும். கேட்டது நடந்ததா இல்லையா என்று நிரலுக்குத் தெரியாது. பெயரில்லாத் தற்காலிகக் கோப்புக்கான ஃபிளாகை 2013-இல் சேர்த்தபோது, பழைய கெர்னல்களில் கட்டாயம் பிழை வர வேண்டும் என்பதற்காகவே அதனுள் டைரக்டரி ஃபிளாகையும் சேர்த்துக் கட்டினார்கள். அழகான தந்திரம், ஆனால் தந்திரம்தான். 2020-இல் 5.6-இல் வந்த, ஓப்பனின் புதிய வடிவமான ஓப்பன்ஏட்2 தெரியாத ஃபிளாகை முகத்துக்கு நேரே மறுக்கிறது.

பழசை எடுத்தே ஆக வேண்டும் என்றால்? விசிஸ்கால் நல்ல பாடம். நேரம் கேட்பது போன்ற மூன்று சிஸ்டம் கால்களுக்காக எல்லா நிரலிலும் ஒரே நிலையான முகவரியில் இருந்த பக்கம் அது. தாக்குபவருக்குக் கைக்கு எட்டும் இடத்தில் கத்தியை வைத்த மாதிரி. 2011-இல் அந்தப் பக்கத்தை வெறும் பொறியாக்கி (தொட்டால் கெர்னலிடம் மாட்டும் கண்ணியாக்கி), யாராவது அழைத்தால் கெர்னலே அந்த வேலையைச் செய்து தரும்படி மாற்றினார்கள். மெதுவாக ஓடும், ஆனால் ஓடும். அந்த வசதியையும் அணைத்துவிட்ட கெர்னலில் பழைய லினக்ஸ் வெளியீடான சென்ட்ஓஎஸ் 6-இன் கன்டெய்னரை (ஹோஸ்ட் இயந்திரத்தின் கெர்னலிலேயே ஓடும் தனி உறையை) ஏற்றிப் பாருங்கள்: அதன் கட்டளை ஷெல்லான பேஷ் வாயே திறக்காமல் 139 (நினைவகப் பிழையால் செத்ததற்கான எண்) என்று வெளியேறும். கன்டெய்னர் லாகில் ஒன்றும் இருக்காது. ஹோஸ்டின் கெர்னல் லாகில்தான், விசிஸ்கால் அணைக்கப்பட்டிருக்கும்போது அழைக்கப்பட்டது என்று ஒரு வரி கிடக்கும். அந்த ஒரு வரியை எழுதி வைத்தவருக்குக் கோடி புண்ணியம். அணைக்கும் வசதியைக் கொடுக்கிறவர்கள் பலர் அதை எழுத மறந்துவிடுகிறார்கள்.

கெர்னல் அமைப்புகளை எண்களால் குறிப்பிட்டுப் படிக்கவும் மாற்றவும் இருந்த பழைய சிஸ்சிடிஎல் சிஸ்டம் காலை எடுத்த விதமும் இப்படித்தான். பல ஆண்டுகள், பயன்படுத்திய நிரலின் பெயரைச் சொல்லி லாகில் எச்சரித்தார்கள். 2020-இல்தான் உள்ளடக்கத்தை உருவினார்கள். 64-பிட் எக்ஸ்86-இல் அதன் எண் 156. எண்தான் வீணாகக் கிடக்கிறதே என்று அங்கே புதிதாக ஒன்றை உட்கார வைத்துவிடாதீர்கள். எங்கோ ஒரு பழைய பைனரி இன்னும் 156-ஐ அழைத்துக்கொண்டிருக்கும்; அதற்குக் கிடைக்க வேண்டிய பதில் "அப்படி ஒரு சிஸ்டம் கால் இல்லை" என்பது மட்டுமே.