மக்காச்சோளத்தைக் கொட்டாமல் காட்டு வான்கோழியை வரவழைப்பது எப்படி

அமெரிக்காவில் வேட்டை லைசென்ஸ் எடுத்த நம்மவர்கள் முதலில் கேட்பது, எத்தனை மூட்டை மக்காச்சோளம் கொட்டினால் வான்கோழி வரும் என்றுதான். ஒரு மூட்டையே போதும், வந்துவிடும். பின்னாலேயே வனவிலங்குத் துறை அதிகாரியும் வருவார்.

பெரும்பாலான மாநிலங்களில் தீனி போட்ட இடத்தில் வான்கோழியைச் சுடுவது குற்றம். வலசை போகாத பறவை என்பதால் வாத்துக்கும் புறாவுக்கும் உள்ள மத்திய அரசு விதி இதற்குக் கிடையாது, மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும். மிசோரியில் தீனியை முழுக்க அள்ளி எடுத்த பிறகும் 10 நாளுக்கு அது தீனி போட்ட இடம்தான். டெக்சாஸில் ரியோ கிராண்டே என்ற வகை வான்கோழி வாழும் பகுதிகளில் டைமர் வைத்த பீப்பாயிலிருந்து சோளம் சிதறவிட்டு வேட்டையாடலாம், ஆனால் அதே டெக்சாஸின் கிழக்கு மாவட்டங்களில் கூடாது. அனுமதி உள்ள இடத்திலும் பூஞ்சை பிடித்த மலிவு சோளத்தைப் போடாதீர்கள், அதில் உண்டாகும் அஃப்லாடாக்சின் என்ற நஞ்சு பறவையின் ஈரலைக் கெடுக்கும். இன்னொன்று, பக்கத்து நிலத்துக்காரர் மானுக்குக் கொட்டியதில் நீங்கள் மாட்டிக்கொள்ளலாம். அதனால் உட்காரும் இடத்தைச் சுற்றி முந்தின வாரமே ஒருமுறை நடந்து பாருங்கள், நில உரிமையாளரிடமும் கேட்டுவிடுங்கள்.

சரி, சட்டத்துக்குள் நின்று என்ன செய்யலாம்? வளர்க்கலாம். மண்ணில் வளர்ந்து நிற்கும் பயிரைப் பொதுவாகத் தீனி என்று கணக்கில் எடுப்பதில்லை. தென் மாநிலங்களில் இதற்கென்றே சூஃபா பயிரிடுகிறார்கள். வேறொன்றுமில்லை, நம் வயலில் திட்டிக்கொண்டே பிடுங்குகிற கோரைக்கு நெருங்கிய சொந்தம்தான், அடியில் சின்னச் சின்னக் கிழங்கு விடும். மணல் கலந்த மண்ணில் மே, ஜூன் வாக்கில் ஏக்கருக்கு 40 பவுண்டு போல விதைத்தால் மூன்று மூன்றரை மாதத்தில் கிழங்கு முற்றிவிடும். முதல் வருடம் சிக்கல் இருக்கும், சூஃபாவையே பார்த்திராத பறவைகளுக்கு மண்ணுக்கடியில் சாப்பாடு இருப்பது எப்படித் தெரியும்? இலையுதிர் காலக் கடைசியில் ஒரு கீற்று மட்டும் லேசாக உழுது கிழங்கை மேலே தெரிய விடுங்கள். ஒரு தடவை ருசி கண்டுவிட்டால் அப்புறம் அவையே நிலத்தைக் குழி குழியாகக் கிளறிவிடும். காட்டுப்பன்றி நடமாடும் ஊராக இருந்தால் இந்த வேலையே வேண்டாம், வான்கோழிக்கு மிச்சம் கிடைக்காது.

வசந்தகால வேட்டைக்கு குளோவர் என்கிற மூவிலைத் தீவனப் பயிர் நல்லது. இலைக்காக மட்டுமில்லை, அதில் மொய்க்கிற பூச்சிகளுக்காகவும்தான், குஞ்சுகள் முதல் சில வாரம் பெரும்பாலும் பூச்சி தின்றே வளர்கின்றன. குளிர்காலத்தில் முறைப்படி அனுமதி வாங்கி அளவாகத் தீ வைத்த பைன் காட்டிலும் புதுத் தளிரும் பூச்சியும் தேடி வந்துவிடும். இலையுதிர் காலத்தில் ஓக் கொட்டை உதிர்கிற இடத்தைக் கண்டுபிடித்தாலே போதும்.

வான்கோழிகள் கிளறிய சருகைப் பாருங்கள்: காலால் பின்னால் தள்ளுவதால், சருகு குவிந்திருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகத்தான் கூட்டம் போயிருக்கும். எச்சம் ஜே எழுத்துபோல வளைந்து நீண்டிருந்தால் சேவல், சுருண்டு குவிந்திருந்தால் பெட்டை.

மேயும் இடத்துக்கு நட்டநடுவில் உட்கார்ந்தால் காரியம் கெடும். இரவு தங்கும் மரத்துக்கும் மேய்ச்சலுக்கும் நடுவே, உங்கள் தோளைவிட அகலமான மரத்தில் சாய்ந்து, விடியும் முன்பே உட்கார்ந்துவிடுங்கள். மோப்பம் வான்கோழிக்குப் பெரிதாகக் கிடையாது, கண்தான் எமன், கை அசைந்தால் போய்விடும். சிவப்பு, வெள்ளை, நீலம் எதையும் உடுத்தாதீர்கள், சேவலின் தலை நிறமே அதுதான், இன்னொரு வேட்டைக்காரர் உங்களைச் சுட்டுவிடுவார். 40 கெஜத்துக்குள் வரும்வரை பொறுங்கள்.

அடித்த பிறகு பலர் தூக்கி எறிவது கழுத்தடியில் இருக்கும் தீனிப்பையை. அதைக் கீறிப் பாருங்கள். ஒருமுறை குளோவர் வயலோரம் காத்திருந்து நான் அடித்த சேவலின் பையில் ஒரு குளோவர் இலைகூட இல்லை, முழுக்க ஓக் கொட்டை. மறுநாள் ஓடைக்கரை ஓக் மரங்களுக்கு இடம் மாற்றினேன்.