ஹாலோவீன் கருப்பொருளில் ஆண் நிர்வாணப் படப்பிடிப்பு: திரைக்குப் பின்னால் நடப்பவை

அக்டோபர் 31 அன்று பேய் வேடமிட்டுக் கொண்டாடும் ஹாலோவீனை ஒட்டி இப்படியொரு படப்பிடிப்பில் இறங்கும் தொடக்கநிலைப் புகைப்படக் கலைஞர்கள் பெரும்பாலும் பூசணிக்காய், முகமூடி, போலி இரத்தம் வாங்குவதில் தொடங்குகிறார்கள். அவை கடைசியில் வந்தாலும் போதும். உடலில் எது தெரியலாம், எது தெரியக்கூடாது என்பதை மாடலுடன் பேசி முடித்துவிட்டால், விளக்கை எங்கே நிறுத்துவது, பூசணியை எந்த உயரத்தில் பிடிக்கச் சொல்வது, புகையை எப்போது விடுவது என்பவற்றை அந்த முடிவே தீர்மானித்துவிடும்.

முதல் படி: பேச்சும் ஒப்பந்தமும்

மாடல் 18 வயது நிறைந்தவர் என்பதை அடையாள அட்டையைப் பார்த்து உறுதி செய்யுங்கள். நெருங்கிய நண்பராக இருந்தாலும் இதை விட்டுவிடக் கூடாது. முழு நிர்வாணமா அல்லது மறைத்துக் காட்டும் நிர்வாணமா, முகம் தெரியலாமா, பச்சை குத்தியிருப்பது தெரியலாமா, படங்கள் எங்கெல்லாம் வெளியாகலாம் என்பவற்றை எழுத்தில் வைத்து இருவரும் கையெழுத்திட வேண்டும். கையெழுத்திட்ட பிறகும், படப்பிடிப்பின் நடுவில்கூட, வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டு என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். ஆணுக்குக் கூச்சம் இருக்காது என்று பலர் நினைத்துக்கொள்வதால், ஆண் மாடல்களிடம் இவற்றைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. கேட்காததால் அவர்களும் சொல்வதில்லை. படப்பிடிப்பின்போது உடலில் தன்னிச்சையான மாற்றம் ஏதும் நேர்ந்தால், அங்கியை அணிந்து சற்று ஓய்வெடுக்கலாம், அதைப் பற்றி யாரும் பேசப்போவதில்லை என்று முன்கூட்டியே சொல்லி வைப்பது அவருடைய பதற்றத்தைப் பெரிதும் குறைக்கும்.

இரண்டாம் படி: அறை

அறை வெப்பநிலை 25 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கட்டும். குளிரில் தோல் புல்லரித்தால், பக்கவாட்டு ஒளி ஒவ்வொரு புள்ளியையும் எடுத்துக் காட்டிவிடும். உள்ளாடையின் எலாஸ்டிக் இடுப்பில் பதிக்கும் தடமும் அப்படித்தான். ஆகவே இரண்டு மணி நேரம் முன்பிருந்தே தளர்ந்த உடையில் இருக்கும்படி மாடலிடம் சொல்லுங்கள், சாக்ஸும் கைக்கடிகாரமும் வேண்டாம். வேலைக்குத் தேவையானவர்களைத் தவிர வேறு யாரும் உள்ளே இருக்கக் கூடாது, கைபேசிகள் அறைக்கு வெளியே இருக்க வேண்டும்.

மூன்றாம் படி: ஒளி

மாடலுக்கு இரண்டு மீட்டர் பின்னால் கறுப்புத் துணியைத் தொங்கவிடுங்கள். ஃபிளாஷ் விளக்கின் முன் ஒடுங்கிய நீள சாஃப்ட்பாக்ஸ் (ஒளியை மென்மையாக்கும் துணிப்பெட்டி) ஒன்றை மாட்டி, ஒளி பக்கங்களில் சிதறாதபடி அதில் தேன்கூடு போன்ற கட்ட வலையைப் பொருத்தி, அவருக்குப் பக்கவாட்டில், சற்றே பின்புறமாக, உடலுக்கு மிக அருகில் நிறுத்துங்கள். தூரம் இரு மடங்கானால் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறையும் என்பதால், விளக்கு நெருங்க நெருங்கப் பின்னணி தானாகவே இருண்டுபோகும். கேமராவில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, துளை (லென்ஸின் திறப்பு) எஃப் 8, ஷட்டர் (ஒளி பதியும் நேரம்) 1/160 நொடி என்று வைத்து, ஃபிளாஷ் இல்லாமல் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். அது முழுக் கறுப்பாக வந்தால் அறை வெளிச்சம் படத்தில் கலக்கவில்லை என்று பொருள்.

இப்போது ஃபிளாஷுடன் எடுத்தால் தோள், விலா, இடுப்பு, தொடை ஆகியவற்றின் விளிம்பு மட்டும் ஒரு கோடாக எழும், முன்புறம் நிழலில் நிற்கும். விளக்கை ஒரு சாண் முன்னே நகர்த்தினால் அந்த நிழல் வயிறு வரை பின்வாங்கிவிடும். ஒப்பந்தத்தில் மறைக்கச் சொன்ன பகுதி மறைவதும் தெரிவதும் இந்த ஒரு சாணில்தான் இருக்கிறது. கறுப்பு அட்டை ஒன்றை இடையில் நிறுத்தி ஒளியை வெட்டலாம். ஆனால் கேமரா திரையில் இருட்டாகத் தெரிவதை மட்டும் நம்பிவிடாதீர்கள். ரா கோப்பில் (கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் மூலக் கோப்பு) நிழல்களின் வெளிச்சத்தை உயர்த்தினால் மறைந்திருப்பவை பல நேரம் வெளிவந்துவிடும். சோதனைப் படத்தை மடிக்கணினியில் திறந்து, நிழலை முழுவதும் உயர்த்தி, மாடலுடன் சேர்ந்து பாருங்கள். அப்போதும் தெரியாவிட்டால்தான் அது மறைந்ததாகக் கணக்கு.

நான்காம் படி: பூசணி, இரத்தம்

அயர்லாந்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்த வழக்கம்தான் அமெரிக்கா சென்று பூசணிக்கு மாறியது. குடைந்த பூசணி சில நாட்களில் தொய்ந்துவிடும் என்பதால் முந்தைய நாள் குடைவதே நல்லது. உள்ளே உண்மையான மெழுகுவர்த்தி வேண்டாம், உடையில்லாத உடலுக்கருகே தீ கூடவே கூடாது. எல்இடி விளக்கின் மேல் ஆரஞ்சு வண்ணத்தாளைச் சுற்றினால் போதும். அதன் ஒளி பதிய ஷட்டர் வேகத்தை 1/15 நொடிக்குக் குறைத்து, அறை விளக்குகளை அணைத்துவிடுங்கள். உடலின் அசைவு படத்தில் மங்காதபடி ஃபிளாஷ் அதை உறைய வைத்துவிடும். குளிர்ந்த பூசணி வயிற்றில் பட்டால் மறுபடியும் புல்லரிக்கும், எனவே அதை அறையிலேயே சில மணி நேரம் வைத்திருங்கள்.

சோளப் பாகு, சிவப்பு உணவு நிறமி, சிட்டிகை கோகோ ஆகியவை சேர்ந்தால் நல்ல போலி இரத்தம் கிடைக்கும். 24 மணி நேரம் முன்பே முன்கையில் சிறிது தடவி ஒவ்வாமையைச் சோதியுங்கள். ரோமம் அடர்ந்த இடங்களையும் மென்தோல் பகுதிகளையும் தவிர்த்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: புகையும் நிலையும்

ஆஸ்துமா உண்டா என்று கேட்காமல் புகை இயந்திரத்தை இயக்க வேண்டாம். கட்டடத்தின் புகை எச்சரிக்கைக் கருவி ஒலிக்கக்கூடும் என்பதை உரியவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். புகைநீர் தரையில் படிந்து வழுக்கும், மாடலோ வெறுங்காலில் நிற்கிறார், அதனால் அடிக்கடி துடைக்க வேண்டும். பின்னாலிருந்து ஒளி பட்டால் புகை சுருள் சுருளாகத் தெரியும், முன்னாலிருந்து பட்டால் படத்தையே வெளுத்துவிடும்.

நிற்கும் நிலையைச் சொல்லும்போது மாடலைத் தொடாமல் உங்கள் உடலிலேயே செய்து காட்டுங்கள். எடையை ஒரு காலில் சாய்த்து, மூச்சை மெல்ல விட்டுக்கொண்டே நின்றால் தோள்கள் இறங்கி வயிறு இயல்பாக உள்வாங்கும். கைகளை என்ன செய்வது என்று தவிப்பவரிடம் பூசணி விளக்கைக் கொடுத்துவிடுங்கள்.

கடைசிப் படி: கோப்புகள்

மாடல் உடை அணிந்த பிறகு, இருவரும் அமர்ந்து எல்லாப் படங்களையும் பாருங்கள். அவர் வேண்டாம் என்பவற்றை அவர் கண்முன்னே, நினைவக அட்டையிலும் கணினியிலும் அழித்துவிடுங்கள். எஞ்சியவற்றைக் கடவுச்சொல் பூட்டிய வன்தட்டில் வையுங்கள், இணையத்தின் மேகச் சேமிப்பில் (கிளவுட்) தானாக ஏறும் வசதியை நிறுத்துங்கள், வெளியிடும் கோப்பிலிருந்து, படம் எடுத்த இடத்தைக் காட்டும் குறிப்பை நீக்குங்கள். வெளியிடும் முன் இறுதிப் பிரதியை அவருக்கு அனுப்பி, அவருடைய பதில் வரும்வரை காத்திருங்கள்.